மெஷினுக்குப் பயந்து கட்டில்ல கெடக்கீராமே, மாப்ளே!

எழும்பும் மாப்ளே, எழும்பி உக்காரும். டாக்டரு உம்ம நெஞ்சுல ஒயரை ஒட்டி, இடுப்புல ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டிவிட்டு, "ரெண்டு நாளு எப்பவும்போல இரும், அப்புறம் கொண்டாந்து குடும்"னு சொல்லி அனுப்புனாக. நீரு என்னடான்னா நேத்துக் காலையில கட்டில்ல ஏறுனவரு இன்னும் எறங்கலை. மாட்டுக்குத் தண்ணி காட்டலை. பம்புசெட் பக்கம் எட்டிப் பாக்கலை. தும்மல் வந்தாக்கூட மெஷினுக்கு ஆகாதுன்னு மூக்கைப் பொத்திக்கிடுதீராம். உம்ம வீட்டுக்காரி எனக்கு மகமுறை. அவ வந்து சொல்லிட்டுப் போறா: "பெரியப்பா, இந்த மனுசன் எத்தனையோ வருசமாச் சொல்லியும் பீடியை விடாதவரு, நேத்துல இருந்து ஒண்ணுகூடத் தொடலை. எங்கூட ஒரு சண்டை போடலை. இந்தப் பெட்டியை வெலைக்கே வாங்கிப் போட்டுரலாமா?"ங்கா.

வாங்கலாம்தான். ஆனா எதுக்குக் கட்டுனாகளோ அது நடக்காதே வே. நீரு கெறங்கி விழுந்தது கட்டில்ல படுத்திருக்கையிலயா? பீடி குடிக்காம, சண்டை போடாம, மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கையிலயா? வழக்கமா இருக்கிற உம்மளைப் பாக்கணும்னு டாக்டரு இந்தப் பெட்டியைக் கட்டி அனுப்பியிருக்காக. நீரு ஒரு உத்தமனைக் கட்டில்ல போட்டு, இவந்தான் நானுன்னு காட்டுதீரு. அந்த உத்தமனுக்கு ஒரு கோளாறும் இருக்காது. ரிப்போர்ட்டு சுத்தமா வரும். அடுத்த வாரம் நீரு பழையபடி எங்கயாவது விழுவீரு.

டீக்கடையில நீரு எப்படி விழுந்தீருன்னு உமக்குத் தெரியாது. தெரிஞ்சது டீ மாஸ்டரு ஒருத்தருக்குத்தான். மத்தவுக பூராப்பேரும் விழுந்த பெறவு ஓடியாந்தவுக. ஆனா இன்னைக்கு வரைக்கும் பேசுறது பூரா அவுகதான். கொடைக்கு வரி பாக்கி வச்சதுக்கு அம்மன் ஒரு தட்டுத் தட்டிட்டாள்னு பூசாரி சொல்லுதாரு. ரிட்டையர்டு வாத்தியாரு சோடியம் கொறைச்சல்ங்காரு. அவருக்குப் போன வருசம் சோடியம் கொறைஞ்சது, அதுல இருந்து ஊருல எவனுக்கு என்ன வந்தாலும் சோடியந்தான். ரைஸ்மில்காரரு பித்தம்னு சொல்லி எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில தேய்க்க வந்தாரு. ஒருத்தன் வலிப்புன்னு நெனச்சு ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டாந்து உம்ம கையில திணிச்சான். இன்னொருத்தன் வாயில சோடாவை ஊத்துனான். நெனவில்லாதவன் வாயில எதை ஊத்துனாலும் அது நுரையீரலுக்குள்ள எறங்கிரும் மாப்ளே. உமக்கு ஆயுசு கெட்டி, சோடா மூக்கு வழியா வெளிய வந்துட்டு.

செய்ய வேண்டியதைச் செஞ்சவரு மாஸ்டருதான். உம்மளைத் தூக்கி மறுபடி பெஞ்சுல உக்கார வைக்கப்போன நாலு பேரை வஞ்சு வெரட்டிட்டு, தரையிலயே மல்லாக்கப் படுக்கப் போட்டாரு. காலு ரெண்டையும் பால்கேன் மேல தூக்கி வச்சாரு. அரை நிமிசத்துல கண்ணைத் தொறந்து, "என் டீ எங்க?"ன்னு கேட்டீராம். காசு குடுக்காத டீயைக்கூட மறக்கலை பாரும்! டாக்டருக்கு அந்தக் கேள்விதான் பெருசா இருந்துச்சு. வலிப்பு வந்தவுக எந்திரிச்ச உடனே அப்படித் தெளிவாக் கேக்க மாட்டாக. எங்க இருக்கோம், யாரு எவருன்னு கொஞ்ச நேரத்துக்குப் பிடிபடாது. நாக்கோரம் கடிபட்டுக் கெடக்கிறதும் உண்டு. உமக்குக் கையும் காலும் நாலு வெட்டு வெட்டுனதைப் பாத்துத்தான் கம்பியைத் தேடி ஓடுனான் அந்தப் பய. மூளைக்கு ரத்தம் போறது ஆறேழு செகண்டு நின்னாப் போதும், ஆளு விழுந்துருவான். சாதாரண மயக்கத்துலயும் அப்படி ரெண்டு வெட்டு வெட்டத்தான் செய்யும். டாக்டரு உம்மகிட்டக் கேட்டதைவிட மாஸ்டருகிட்டப் போன்ல கேட்டதுதான் ஜாஸ்தி. விழுமுன்ன மொகம் வெளுத்துச்சா, வேர்த்துச்சா, "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொன்னாரா, எந்திரிக்கப் போனாரா, இருமுனாரா? எல்லாத்துக்கும் "இல்லை"ன்னு சொன்னாரு மாஸ்டரு. "பேப்பரைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

அந்த "அப்படியே" தான் உம்ம நெஞ்சுல ஒயரை ஒட்ட வச்சது.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதேயும். என் பேத்தி மதுரையில ஈசிஜி எடுக்கிற வேலை பாக்கா. லீவுக்கு வந்தா வாசத்திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லுவா. பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல வெயில்ல நின்னு விழுதுகளே பிள்ளைக, கொடையில கெடா வெட்டையில ரத்தத்தைப் பாத்துச் சாயுதானே மீசைக்காரன், அதெல்லாம் ஒரு வகை. அவுகளுக்கு முன்கூட்டியே தகவல் வந்துரும்: வேர்க்கும், வயித்தைப் பெரட்டும், கண்ணு இருட்டும், காது அடைக்கும். ஒரு நரம்பு தாறுமாறா வேலை பாத்து நெஞ்சுத் துடிப்பைக் கொறைக்கும், ரத்தக் கொழாயெல்லாம் தளரும், பிரஷர் எறங்கும், ஆளு கீழ. படுத்ததும் சரியாப் போகும். பெரும்பாலும் ஆபத்து அந்த மயக்கத்துல இல்லை, விழுந்து தலையில அடிபடுறதுலதான்.

இன்னொண்ணு நம்ம வயசுக்காரங்களுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்கு வந்துட்டுன்னு சடக்குன்னு எந்திரிச்சு ஓடுவோம்; நின்ன மூணு நிமிசத்துக்குள்ள மேல்பிரஷர் 20 எறங்குனாலே அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காக. பிரஷர் மாத்திரையும், ஒண்ணுக்கு லேசாப் போறதுக்குன்னு குடுக்கிற மாத்திரையும் சேந்துக்கிட்டா இன்னும் மோசம். எந்திரிக்கையில கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரியும்னு உம்ம அப்பாகிட்ட நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சேன். அவரு என்னைக்குப் பெஞ்சாதி தவிர அடுத்தவுக சொல்லுக் கேட்டாரு?

உம்ம கேசு இந்த ரெண்டுலயும் சேராது. உக்காந்த எடத்துல, ஒரு தகவலும் இல்லாம, 58 வயசுல. போதாக்குறைக்கு ஈசிஜியில, நெஞ்சுக்குள்ள கரண்டு ஓடுற தடத்துல இடது பக்கம் ஒரு தடை இருக்குன்னு கண்டாக. படுத்திருக்கையில மயங்குறது, ஓடையிலயோ சொமை தூக்கையிலயோ மயங்குறது, மயங்குமுன்ன நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு யாராச்சும் செத்தது: இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரு நெத்தியைச் சுருக்குவாக. "எங்க சித்தப்பா முப்பத்தஞ்சு வயசுல வயக்காட்டுல விழுந்து போயிட்டாரு, அது பேய் அடிச்சது"ன்னு நீரு டாக்டருகிட்டச் சொல்லவே இல்லையாமே? பேய் அடிச்சதுன்னே சொல்லும். அதை எந்தக் கணக்குல எழுதணும்னு அவுகளுக்குத் தெரியும்.

அந்தத் தடையைக் கண்ட ஈசிஜியே போதாதான்னு கேட்டீராம். அந்தத் தாளு பத்து செகண்டுக் கணக்கு வே. ஒரு நாளைக்கு 86,400 செகண்டு. நெஞ்சு ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்குது. அதுல பத்துப் பன்னிரண்டு அடியைப் பாத்துட்டு மிச்சத்துக்கும் சேத்துச் சத்தியம் பண்ண முடியுமா? அதுக்குத்தான் ஹோல்டர்ங்கிற இந்தப் பெட்டி. விழுறப்போ நெஞ்சு என்ன செஞ்சுதுன்னு அதுல ஏறணும். நின்னுச்சா, நொண்டுச்சா, பிச்சுக்கிட்டு ஓடுச்சா, இல்லை ஒண்ணுமே செய்யாம ஒழுங்கா அடிச்சுதா? ஒழுங்கா அடிக்கையிலயே நீரு விழுந்தீருன்னு தெரிஞ்சாலும் அது பெரிய சேதிதான். நெஞ்சு மேல இருக்கிற சந்தேகம் பெருமட்டுக்கு நீங்கிரும். வேற எடத்துல தேடலாம்.

ஆனா ரெண்டு நாளுல அது நடக்குமா? இங்ஙனதான் சூட்சுமம். நம்ம மக்காச்சோளக் காட்டுல பன்னி எறங்குதே, அது மாசத்துக்கு ஒருக்கா வருதுன்னு வையும். நீரு ஒரே ஒரு ராத்திரி பரண்ல உக்காந்து பாத்துட்டு, "எங்க காட்டுல பன்னியே கெடையாது"ன்னு ஊருக்குள்ள சொன்னா எவன் கேப்பான்? வாரத்துக்கு ஒருக்காவாச்சும் மயங்குறவுகளுக்குத்தான் ஒரு நாளு, ரெண்டு நாளு மெஷினு தோது. மாசத்துக்குள்ள ஒருக்கா வரும்னா நெஞ்சுல பிளாஸ்திரி கணக்கா ஒட்டிக்கிடுற ஒண்ணு இருக்கு. ஒயரு கெடையாது, பதினாலு நாளு வரைக்கும் கெடக்கும். அதைவிட நாள் கழிச்சு எப்பமோ ஒருக்கா வந்து ஆளைச் சாய்க்கிறதுன்னா, நெஞ்சுத் தோலுக்கு அடியிலயே வச்சுருதாக. 4.5 சென்டிமீட்டர் நீளம், மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதா ஒரு கீறல், கொஞ்ச நேரத்து வேலை. மூணு வருசத்துக்கு மேல உள்ளயே கெடந்து பாத்துக்கிட்டு இருக்கும். உமக்கு முதல்ல லேசானதுல ஆரம்பிச்சிருக்காக. இதுல ஒண்ணும் சிக்கலைன்னா "விட்டுது சனியன்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்துராதேயும். "அடுத்தது என்ன?"ன்னு கேளும். ரிப்போர்ட்டுல நார்மல்னு போட்டிருந்தா, அந்த ரெண்டு நாளுல வரலைன்னு அர்த்தம். அம்புட்டுத்தான்.

இந்தப் பெட்டி கனக்குதுன்னு வேற சொன்னீராம். உள்ளங்கையில அடங்குது, இது கனக்குதாக்கும்! லண்டன்ல வாலர்னு ஒருத்தரு 1887-ல மனுசனோட நெஞ்சுக் கரண்டை முதல் முதலா வெளிய இருந்தே பதிஞ்சாரு. அவரு ஒரு நாயி வளத்தாரு, பேரு ஜிம்மி. அது காலை உப்புத் தண்ணியில வச்சு நிக்கும், நாலு பேருக்கு முன்னால அதோட நெஞ்சு அடிக்கிறதைக் காட்டுவாரு. நாயைக் கொடுமை பண்ணுதாருன்னு பார்லிமெண்டு வரைக்கும் கேள்வி போச்சு. அதுக்கப்புறம் ஹாலந்துல ஐந்தோவன். அவரு மெஷினு கிட்டத்தட்ட 270 கிலோ, அதை ஓட்டவே அஞ்சு ஆளு வேணும். நோயாளி ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணி வாளியில முக்கிக்கிட்டு உக்காரணும். ஆஸ்பத்திரியில இருக்கிற நோயாளியை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மெஷினுக்குக் கொண்டுபோக முடியாம, டெலிபோன் கம்பியில நெஞ்சுத் துடிப்பை அனுப்பிப் பாத்திருக்காரு மனுசன். 1924-ல நோபல் பரிசு குடுத்தாக.

இப்பம் உம்ம இடுப்புல தொங்குறதுக்குத் தன் பேரைக் குடுத்த ஆளு அமெரிக்காவுல மொன்டானாங்கிற சீமையில ஹெலெனாங்கிற ஊருக்காரரு, நார்மன் ஹோல்டர். நெஞ்சைப் பாக்கணும்னா ஆளைப் படுக்கப்போட்டுத்தான் பாக்கணுமா, அவன் அவன் வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும், நாம பதிஞ்சுக்கிடுவோம்னு நெனச்சவரு அவருதான். முதல்ல செஞ்ச பெட்டி 38 கிலோ. முதுகுல மாட்டிக்கிட்டு, நின்ன எடத்துல சைக்கிள் மிதிச்சுக்கிட்டே தன்னோட நெஞ்சைத் தானே ரேடியோவுல அனுப்புனாரு. 1961-ல அதைப் பத்தி எழுதி வெளியிட்டாரு. மூட்டையைச் சொமந்துக்கிட்டுச் சைக்கிள் மிதிச்சு அந்த மனுசன் கண்டுபிடிச்சது, ஆளு நடமாடணும்ங்கிற ஒரே காரணத்துக்காக. நீரு அதை இடுப்புல கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கீரு.

சரி, எழும்பியாச்சுல்லா. இப்பம் அந்தச் சட்டையைத் தூக்கும், பாப்போம். இந்தா பாரும், கீழ இருக்கிற ஒயருப் பொத்தான் ஓரம் கெளம்பி நிக்கி. தேங்காயெண்ணெய் தேச்சீராக்கும்? நெஞ்சுல எண்ணெயும் பவுடரும் இருந்தா எதுவும் ஒட்டாது மாப்ளே. அதுக்குத்தானே ஆஸ்பத்திரிப் பொண்ணு உம்ம நெஞ்சு முடியை வழிச்சுவிட்டுது. இருபது வயசுல இருந்து மேல்பொத்தானைத் தொறந்துபோட்டு வளத்த முடி, மனசு வலிக்கத்தான் செய்யும், மொளைச்சுரும், கவலைப்படாதேயும். ரெண்டு நாளைக்குக் குளிக்கக் கூடாது, கிணத்துல எறங்கக் கூடாது. ஈரத்துணியால கை, கால், மொகத்தைத் தொடச்சுக்கிடும். வேர்த்து ஒழுகுற எடத்துல கெடக்காம காத்தாட உக்காரும். ஒயருப் பொத்தான் கழண்டுட்டா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேளும். நீராப் பசையைப் போட்டு ஒட்டாதேயும். பேத்தி வேலை பாக்கிற எடத்துல ஒருத்தரு சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுற சொலூசனைப் போட்டு ஒட்டிக்கிட்டு வந்தாராம். கழட்டையில தோலும் சேந்து வந்துச்சாம்.

செல்லை நெஞ்சுப் பையில அந்த ஒயருக்குப் பக்கத்துல வைக்காதேயும். அரிச்சாச் சொறியாதேயும். சொறியுறதும் அந்தக் கோட்டுல ஏறிக்கிடும். பல்லு விளக்குறது ஏறும். இதைக் கேளும்: ஒரு ஆளு பிரஷ்ஷை வச்சுப் பல்லை வேகமாத் தேச்சதுல, நெஞ்சு கண்டமேனிக்கு ஓடுற கோடு கணக்கா விழுந்துருச்சாம். பாத்தா உசிருக்கே ஆபத்துங்கிற கோடு. டாக்டரு பதறிப்போய் ஆளைக் கூப்புட்டு விட்டிருப்பாக. நல்லவேளை, மெஷினோட எழுதி வைக்கச் சொல்லுற நோட்டுல அவரு "காலை 6.10, பல் விளக்கினேன்"னு எழுதி வச்சிருந்தாரு. பிழைச்சாரு.

அந்த நோட்டுத்தான் முக்கியம். குடும் இங்க, நீரு என்ன எழுதியிருக்கீருன்னு பாப்போம். "காலை நன்றாக இருந்தேன். மதியம் நன்றாக இருந்தேன். இரவு இறைவன் அருளால் நன்றாக இருந்தேன்." யாருக்கு வே லெட்டர் எழுதுதீரு, துபாய்ல இருக்கிற மகனுக்கா? என்ன செஞ்சீரு, எத்தனை மணிக்குச் செஞ்சீரு, அப்பம் ஒடம்பு எப்படி இருந்துச்சு, இம்புட்டுத்தான் வேணும். மாடி ஏறுனேன், கிறுகிறுன்னு வந்துச்சு, மணி நாலு இருபது. மாத்திரை போட்டேன், எட்டு அஞ்சு. பீடி குடிச்சேன்னா பீடி குடிச்சேன்னு எழுதும். டாக்டரு அதைக் கொண்டுபோய் உம்ம வீட்டுக்காரிகிட்டக் காட்ட மாட்டாக. அந்தி சாஞ்ச பெறவு தோட்டத்து மோட்டார் ரூம்ல "மோட்டாரைப் பாக்க" போறீருல்லா, அங்ஙன குடிக்கிறதையும் எழுதிரும். சாராயம் உள்ள போன அன்னைக்கு நெஞ்சு தாளம் தப்புறதும் உண்டு, பிரஷர் எறங்குறதும் உண்டு. அதுக்காகக் குடிச்சுத்தான் காட்டணும்னு நான் சொல்லலை. அந்தக் கண்ணு மின்னுனதைப் பாத்துட்டேன், அதான் சொல்லுதேன்.

அப்புறம் அந்தப் பெட்டியில ஒரு பொத்தான் இருக்கு பாரும். தலை சுத்துனா, நெஞ்சு தட்டுனா, கண்ணு இருட்டுனா அதை ஒரு அமுக்கு. எத்தனை மணிக்கு உமக்கு என்ன ஆச்சோ, அந்த மணிக்கு நெஞ்சு என்ன செஞ்சுதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத்தான் இத்தனை பாடும். வீட்டுல எல்லாருக்கும் அந்தப் பொத்தானைக் காட்டி வையும், நீரு விழுந்துட்டா அவுக அமுக்கட்டும். உம்ம சின்னப் பேரன் மட்டும் பக்கத்துல வராமப் பாத்துக்கிடும். அவன் டிவி ரிமோட்டை வச்சுச் செஞ்ச அழும்பை ஊரே பாத்துச்சு.

மகன் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கானாமே, அதுலயே ஈசிஜி வருதாம், அது இருக்கையில இது எதுக்குன்னு கேட்டீராம். நல்ல பொருளுதான். 2018-ல ஆப்பிள்காரன் கொண்டாந்தான், இப்பம் பல பேரு செய்யுதாக. அப்பப்பம் பச்சை வெளக்கை மணிக்கட்டுல அடிச்சு நாடியைப் பாக்கும். ஆனா ஈசிஜி எடுக்கணும்னா நீரு இன்னொரு கைவிரலை அதுல வச்சு, முப்பது செகண்டு ஆடாம அசையாம உக்காந்திருக்கணும். மயங்கி விழுறவன் விரலை வச்சுக்கிட்டா விழுவான்? "எல்லாரும் கொஞ்சம் பொறுங்க, முப்பது செகண்டு கழிச்சு விழுதேன்"னு சொல்லவா முடியும்? படபடன்னு வந்து கொஞ்ச நேரம் நிக்கிற ஆளுகளுக்கு அது கை குடுக்கும், டாக்டருகிட்டக் காட்டலாம். சொல்லாமக்கொள்ளாமச் சாயிற உமக்கு அது மணி பாக்கத்தான். மாரடைப்பையும் அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கையில கடிகாரம் "நல்லா இருக்கீரு"ன்னு சொல்லுதேன்னு வீட்டுலயே கெடந்துறாதேயும். 108-க்கு அடிக்கச் சொல்லும்.

ரிப்போர்ட்டு வந்தா அதை நீரு படிக்காதேயும். சொன்னாக் கேக்க மாட்டீரு, படிப்பீரு, அதனால இப்பமே சொல்லி வைக்கேன். ரெண்டு நாளைக்கு ரெண்டு லட்சம் அடியையும் எண்ணி எழுதியிருக்கும். அதுல கூடுதல் அடி இத்தனைன்னு இருக்கும். நல்லா இருக்கிறவன் நெஞ்சும் அப்பப்பம் ஒண்ணு ரெண்டு முந்திக்கிட்டு அடிக்கத்தான் செய்யும். ராத்திரி மூணு மணிக்கு நிமிசத்துக்கு 45-ன்னு போட்டிருக்கும். அசந்து தூங்கையில அப்படி எறங்குறது பல பேருக்கு உண்டு. தூக்கத்துல ரெண்டு செகண்டு போல நின்னு அடிச்சிருந்தாலும் அதையே பெருசா எடுத்துக்க மாட்டாக. அதே நெஞ்சு, நீரு முழிச்சு உக்காந்திருக்கையில மூணு செகண்டுக்கு மேல நின்னு, அந்த மணிக்கு நோட்டுல "கண்ணு இருட்டுச்சு"ன்னும் இருந்தா, டாக்டரு உம்மளை உக்காரச் சொல்லி வேற கதை பேசுவாக. எந்த அடி எதுக்குங்கிறது அவுக படிச்ச படிப்பு. ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சுச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டீருன்னா வாத்தியாரு சோடியம்பாரு, உம்ம மச்சினன் கருஞ்சீரகம்பான். அந்தக் குரூப்புல எனக்கும் ஒரு எடம் உண்டு, நானும் எதையாச்சும் சொல்லுவேன். கேக்காதேயும்.

முடிவு தெரியுற வரைக்கும் செய்யக் கூடாதது கொஞ்சம் இருக்கு. வழக்கம்போல இரும்னா, பனை ஏறும்னு அர்த்தம் இல்லை. ஏணி வேண்டாம், தனியாக் கிணத்துல எறங்க வேண்டாம், கக்கூசுல உள்தாப்பாள் வேண்டாம். பிரஷர் மாத்திரையை நீராக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உப்புத் தண்ணி குடிச்சா மயக்கம் வராதுன்னு எவனாச்சும் சொல்லுவான். அது சில பேருக்குச் சரி, பிரஷர்காரன் உமக்கு டாக்டரு சொன்னாத்தான். தகவல் வந்து கிறுகிறுத்தா நாலு பேரு பாக்காகளேன்னு வெக்கப்படாம அந்த எடத்துலயே படுத்துரும். கல்யாணப் பந்தியா இருந்தாலும் சரி. நீரு எழும்பையில சோறு மிச்சம் இருக்கும்.

ராத்திரி தூங்காமக் கெடக்கிறது எதுக்குன்னும் தெரியும். பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிட்டா என்ன பண்ணுறதுன்னுதானே? வைக்கச் சொன்னா வைப்போம். ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்னு ஒருத்தரு, 43 வயசு. நெஞ்சு நின்னு நின்னு போயி, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்குவாராம். நீரு ஒருக்கா விழுந்ததுக்கே உயில் எழுத ஆளு தேடுதீரு. அவரு பெஞ்சாதி எல்ஸ்-மரீ, பேஸ்மேக்கரை ஒடம்புக்குள்ளயே வைக்கலாமான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த ரெண்டு பேரை, டாக்டர் சென்னிங்கையும் எஞ்சினியர் எல்ம்க்விஸ்டையும், விடாமத் தொரத்தியிருக்கு. "மனுசனுக்கு வைக்க இன்னும் ஆகலை"ன்னு அவுக சொன்னா, "அப்பம் ஆக்கித் தாங்க"ங்கிற ரகம் போல அந்த அம்மா. எல்ம்க்விஸ்டு செருப்புப் பாலிஷ் டப்பாவை அச்சா வச்சு ஒண்ணை வார்த்தாரு. 1958 அக்டோபர்ல உள்ள வச்சாக. சில மணி நேரத்துல அது நின்னு போச்சு. கையோட இன்னொண்ணு வச்சாக. இப்படி ஆயுசுக்கும் மாத்தி மாத்தி 26 மெஷினு அவரு ஒடம்புல ஓடியிருக்கு. 2001-ல 86 வயசுலதான் போனாரு, அதுவும் நெஞ்சால இல்லை. செஞ்சு குடுத்த எஞ்சினியரும் போயி, வச்சுவிட்ட டாக்டரும் போன பெறகுதான் இவரு போயிருக்காரு.

உம்ம வீட்டுக்காரியும் அந்த அம்மா ரகந்தான். நீரு வேண்டாம்னாலும் விடமாட்டா. அதனால அந்தக் கவலையை அவகிட்ட விட்டுட்டு, எழும்பி மாட்டுக்குத் தண்ணியைக் காட்டும். காட்டுன மணியை நோட்டுல எழுதும்.

நாளைக்குக் காலையில உம்மளைக் கூட்டிட்டுப் போறது என் பேரன்தான். டாக்டரு சரிங்கிற வரைக்கும் நீரு வண்டி ஓட்டக் கூடாது. அவன் ஓட்டுவான், நீரு பின்னால பிடிச்சு உக்காரும். வண்டிச் சாவியை இப்பமே எங்கிட்டக் குடுத்துரும். டேங்குல பெட்ரோல் கொஞ்சமாத்தான் கெடக்குன்னு ஆரம்பிக்காதேயும், முந்தாநாளு பங்க்ல நீரு ரொப்புனதை நான் பஸ்ல இருந்தே பாத்தேன்.